எதிர் பெஞ்சில் ஒருவர்

யாராவது வழியில் பார்த்து "சௌக்கியமா?" என்று கேட்டால் போதும், இவனுக்கு எதற்கு நம் சௌக்கியம் என்று லாண்டரிக்காரர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் கடையை விற்கக் கிளம்பினால் எப்படி இருக்கும்?

மனைவிக்காகத்தான் அந்தப் பேச்சே வந்தது. இருபத்திரண்டு வருஷமாக இஸ்திரி மேசை முன்னால் நின்று நின்று அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஆபரேஷன்தான் வழி, அதற்குப் பிறகு நின்று செய்யும் வேலையே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடை நல்ல விலைக்குப் போனால்தான் இரண்டும் நடக்கும்.

என்ன விலை சொல்வது? மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

"இருபத்தஞ்சு லட்சம் சொல்லுங்க மாமா. ரெண்டு மெஷின்ல ஒண்ணு கிழடு. இடம் வாடகை. வாங்கறவன் உங்க உழைப்பையா பார்ப்பான்? தினம் எத்தனை பேர் வர்றாங்கன்னுதான் பார்ப்பான்."

சொன்னது நியாயமாக இருந்தது. அதுதான் லாண்டரிக்காரரை உறுத்தியது. இவ்வளவு நியாயமாகப் பேச இவனுக்கு எவன் கமிஷன் கொடுத்தான்? நேரே தரகரிடம் போய் நாற்பது என்றார். தரகர் வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு, "ஒரு ஆள் இருக்காரு. பார்த்துட்டுச் சொல்றேன்னாரு" என்றார். வாங்க வருகிறவன் உள்ளே வந்து மெஷினைத் தட்டித்தானே பார்ப்பான் என்று லாண்டரிக்காரர் அன்று சாயங்காலமே இரண்டு மெஷினையும் பளபளவென்று துடைத்து வைத்தார்.

மறுநாள் காலை எதிர் டீக்கடை பெஞ்சில் நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். லாண்டரிக்குள் யாராவது துணி மூட்டையோடு நுழைந்தால் அவர் நோட்டில் ஒரு கோடு விழுந்தது. அடுத்த நாளும் அப்படியே. லாண்டரிக்காரர் மனைவியிடம் ஓடினார்.

"எவனோ பக்கத்துலயே கடை போடப் போறான். நம்ம வாடிக்கையை எண்ணிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கான்."

"ஏங்க, போய் யாருன்னு கேட்டாத்தான் என்ன?" என்றாள் மனைவி.

"கேட்டா உடனே உண்மையைச் சொல்லிடுவானாக்கும்!"

அன்று ராத்திரியே வாடிக்கையாளர்கள் ஒருவர் விடாமல் போன் போட்டார். முன்பக்கம் தரை வேலை நடக்கிறது, பின்சந்து வழியாக வாருங்கள் என்றார். விடுதிப் படுக்கை விரிப்புகள், ஆஸ்பத்திரிச் சீருடைகள், கல்யாணமாகாதவர்களின் வாரச் சட்டைகள், எல்லாம் பின்பக்கம் திரும்பின. மனைவி மேசைக்கும் பின்வாசலுக்குமாக நொண்டி நொண்டி நடந்தாள். அவரோ முன்பக்கம் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்தார். விஷயம் தெரியாத மூன்று நான்கு பேர் மட்டும் முன்வாசலில் வந்துபோனார்கள். எண்ணுடா, நல்லா எண்ணு என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

பத்தாம் நாள் தரகர் வந்தார். கூடவே நீலச் சட்டைக்காரர்.

"இவர்தாங்க நான் சொன்ன ஆளு."

லாண்டரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"நாற்பது அதிகம்தான்" என்று ஆரம்பித்தார் நீலச் சட்டைக்காரர். "இருபத்தஞ்சு வரைக்கும் தரலாம்னுதான் வந்து உட்கார்ந்தேன். முதல் ரெண்டு நாள் நல்ல கூட்டம். அப்புறம் நாளைக்கு மூணு பேர், நாலு பேர். அந்த ரெண்டு நாள் கூட்டம் நீங்க ஏற்பாடு பண்ணினதுன்னு புரிஞ்சுபோச்சு. மெஷினுக்கு மட்டும் பன்னிரண்டு தரேன்."

"ஐயோ, அதுதாங்க நிஜக் கூட்டம்! இப்பவும் எல்லாரும் வர்றாங்க. பின்வாசல் வழியா வரச் சொல்லியிருக்கேன்."

"வர்ற வாடிக்கையாளரை எந்தக் கடைக்காரராவது பின்வாசலுக்குத் துரத்துவாரா?"

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேங்க. யாரோ உளவு பார்க்கறாங்கன்னு..." வாழ்க்கையில் அவர் இவ்வளவு உண்மையாகப் பேசியதே இல்லை. அது அவர் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

கையைப் பிடிக்காத குறையாக அவரைப் பின்பக்கம் அழைத்துப்போனார். ஏழு பேர் மூட்டையோடு நின்றிருந்தார்கள். வரிசையில் முதல் ஆள் மனைவியின் தம்பி.

"எவ்வளவு நேரம் மாமா நிக்கறது?"

நீலச் சட்டைக்காரர் அவனைப் பார்த்தார், மற்ற ஆறு பேரையும் பார்த்தார். "எல்லாருமே சொந்தக்காரங்களா?" என்று மரியாதையாகவே கேட்டார். பன்னிரண்டுக்குச் சம்மதமானால் சனிக்கிழமைக்குள் சொல்லும்படி தரகரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பன்னிரண்டில் ஆபரேஷன் நடக்கும். அதற்குப் பிறகு சாப்பிட அவள் மறுபடியும் எங்காவது போய் நிற்க வேண்டும்.

லாண்டரிக்காரர் நடந்ததையெல்லாம் மனைவியிடம் ஒளிக்காமல் சொன்னார். அவள் கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். "பன்னிரண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மேசையைப் பிடித்து எழுந்து இஸ்திரிப்பெட்டியை எடுத்தாள். அவர் கையை நீட்டினார்.

"குடு. நீ உட்காரு, நான் தேய்க்கிறேன்."

இத்தனை வருஷத்தில் அவர் அதைத் தொட்டதில்லை. அவள் கொடுக்கவில்லை. இஸ்திரிப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்ப என்ன திட்டம் போடறீங்க?"