உள்ளே பிதுங்கியது

"எஞ்சின் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அண்ணியின் வீட்டுக்காரர் கையைத் துடைத்தார். துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார் என்றால் தீர்ப்பு வந்துவிட்டது, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பட்டறையில் அப்படித்தான். எதிரே அவருடைய தங்கை வேன் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஒரு மூச்சு அழுது தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்று அண்ணிக்குத் தோன்றியது.

அண்ணி என்பது அந்தத் தங்கைக்குத்தான் முறை. ஆனால் நாத்தனார் வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படியே பழகிவிட்டார்கள். அறுபது வயது லாரி டிரைவர் ஒருவர், பேரன் பேத்தி எடுத்தவர், "அண்ணி, பிரேக் கொஞ்சம் பாருங்க" என்று வந்து நிற்பார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு ரேஷன் அட்டையில் இருக்கும் பெயர் அவளுக்கே மறந்துபோகும் அளவுக்கு அது பழகிவிட்டது.

வேனுக்குப் பதினாலு வயது. நாத்தனார் அதில் சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருகிறாள். அதுதான் அவள் தொழில், வேறு கைத்தொழில் எதுவும் தெரியாது. பத்து நாளாக அந்த வேனின் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற விளக்கு, மூக்கு நீண்ட எண்ணெய்க் குடுவை போல இருக்கும். பிள்ளைகளுக்கு அது டீ கெட்டில். "ஆன்ட்டி, கெட்டில் வந்துருச்சு" என்று பின் சீட்டிலிருந்து கோஷம் போடுவார்கள். அவர்களுக்கு விளையாட்டு, ஓட்டுகிறவளுக்குப் பிழைப்பு.

வீட்டுக்காரர் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார். குறை சொல்ல முடியாது. கம்பியை உருவி ஆயில் அளவு பார்த்தார், சரியாக இருந்தது. ஆயிலையே மாற்றிப் புதிதாக ஊற்றினார். விளக்கை எரியவைக்கிற ஸ்விட்ச் பொய் சொல்கிறதோ என்று அதையும் மாற்றினார். மறுநாள் கெட்டில் திரும்பவும் வந்தது. பழைய எஞ்சின், பேரிங் தேய்ந்து ஆயிலைப் பிடிக்க மாட்டேன் என்கிறது, திறந்து செய்வதைவிட எடைக்குப் போடுவதே மேல் என்று முடிவு கட்டிவிட்டார். அண்ணன் சொல்லை வேதமாக எடுத்துக்கொள்கிற தங்கை. பழைய இரும்புக்காரரை அன்றைக்கு நாலு மணிக்கு வரச் சொல்லிப் போனும் போட்டுவிட்டாள். வேறு வேன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

அண்ணி கையிலிருந்த பிரேக் டிரம்மைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"விளக்கு எப்ப எரியுது?"

"தினமும்தான் அண்ணி."

"அது இல்ல. வண்டி நின்னா எரியுதா, ஓடினா எரியுதா?"

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள், பிறகு யோசித்தாள். இந்தப் பத்து நாளில் யாரும் அவளை அப்படிக் கேட்கவில்லை. "நின்னா எரியறதில்ல. சிக்னல்ல எவ்வளவு நேரம் நின்னாலும் ஒண்ணுமில்ல. பாலம் தாண்டி நேர் ரோட்டுல கொஞ்சம் விரட்டினா வந்துரும். ஓரங்கட்டி, ஆஃப் பண்ணிட்டு, பசங்கள பாட்டுப் பாடச் சொல்வேன். நாலு பாட்டு முடிஞ்சு ஸ்டார்ட் பண்ணா போயிருக்கும்."

"எரியுதுல்ல. எப்ப எரிஞ்சா என்ன?" என்றார் வீட்டுக்காரர்.

"பேரிங் தேஞ்சிருந்தா நின்னாதாங்க எரியணும். மிதிச்சா அணையணும். இது தலைகீழா இருக்கு."

அவர் தோளிலிருந்த துணியை எடுக்கவில்லை. ஆனால் அண்ணி சொன்னது சரி என்று அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது, அது அவர் காது சிவந்ததில் தெரிந்தது. தேய்ந்த எஞ்சினில் ஆயில் இடுக்கு இடுக்காக வழிந்துவிடும். மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் விழும், வேகமாகச் சுற்றினால் பம்ப் ஈடுகொடுத்துவிடும். இங்கே வேகம் போனால்தான் விழுகிறது, சற்று ஓய்வு கொடுத்தால் சரியாகிறது. அப்படியானால் பம்ப் இழுக்கும்போது ஏதோ வந்து வாயை அடைக்கிறது, நிறுத்தினால் தானாக உதிர்கிறது. இது பெரிய வித்தை இல்லை. கேட்டால் வருகிற பதில்தான். கேட்கத் தோன்ற வேண்டும், அவ்வளவே.

தோன்றியது தனக்கு என்பதில் அண்ணிக்குப் பெருமை பொங்கியது. மறைப்பானேன், நன்றாகவே பொங்கியது. ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற மெக்கானிக்குக்குத் தோன்றாதது, பிரேக்குக்குக் கிரீஸ் தடவுகிறவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதை வெளியே காட்டாமல் அலமாரியிலிருந்து அழுத்தமானியை எடுத்துவந்தாள். ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் அதன் குழாயை முறுக்கினாள். "ஸ்டார்ட் பண்ணு. அப்படியே விடு" என்றாள் நாத்தனாரிடம்.

எஞ்சின் சூடாகும் வரை மூன்று பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூடான பிறகும் ஒன்றரைக்குக் கீழே இறங்கவில்லை, அந்த வயது எஞ்சினுக்கு அது கௌரவமான எண். "இப்ப மிதி. பாதி அளவு. அப்படியே பிடி." முள் நாலுக்கு ஏறியது. அங்கேயே நின்றது. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். நாலு நிமிடம் போயிருக்கும், முள் மூன்றுக்கு வந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் ஒன்றுக்கும் கீழே துடித்தது. "நிறுத்து, நிறுத்து" என்று அண்ணியும் அவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கால் மணி நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து மிதித்தபோது முள் சமர்த்தாக நாலில் போய் உட்கார்ந்தது.

"சல்லடை" என்றார் அவர், மெதுவாக.

"சல்லடைதான். சம்ப்பைக் கழட்டறேன்."

எஞ்சினுக்கு அடியில் தொங்குகிற ஆயில் தொட்டிக்குத்தான் பட்டறையில் சம்ப் என்று பெயர். அதற்குள் முங்கியிருக்கிற சல்லடை வழியாகத்தான் பம்ப் ஆயிலை உறிஞ்ச வேண்டும். இந்த வேனின் சம்ப் அண்ணிக்குப் புதிதில்லை. போன வருடம் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்கிற குழியின் படியில் வழுக்கிக் கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தபோது, இதே வண்டி ஆயில் ஒழுகிக்கொண்டு வந்து நின்றது. கூடமாட உதவியாக இருந்தவள் அன்றைக்கு முதன்முதலாகத் தனியாகக் குழியில் இறங்கி, சம்ப்பைக் கழற்றி, பேக்கிங் மாற்றி மாட்டினாள். ஒழுகவே கூடாது என்று தானே கடைக்குப் போய், இடுக்கை அடைக்கிற பேஸ்ட் ஒரு புது டியூப் வாங்கிவந்து போட்டாள். இன்றுவரை சொட்டு ஒழுகியதில்லை. வேன் வந்து நிற்கும்போதெல்லாம் அது நின்ற இடத்துத் தரையைக் கடைக்கண்ணால் பார்ப்பாள், உலர்ந்து கிடக்கும். அவளை மெக்கானிக் ஆக்கிய வேலை அது. நாலு பேர் அவளை நம்பி வண்டியை விட்டுப் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஆயிலை வடித்துவிட்டுப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வீட்டுக்காரரும் குழியில் இறங்கி டார்ச் பிடித்தார். மேலே நாத்தனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டி இறங்கியது. சல்லடையின் முகம் தெரிந்தது.

நீலமாக இருந்தது. ரப்பர் போல இறுகிய நீல இழைகள், குட்டி குட்டியாக, சல்லடை வாயில் ஒன்றன்மேல் ஒன்று அப்பியிருந்தன. தொட்டியின் அடியில் இன்னும் பத்துப் பதினைந்து கிடந்தன. அந்தப் பட்டறையில் வீட்டுக்காரர் காலம் காலமாகக் கறுப்புப் பேஸ்ட்தான் போடுவார், அதுவும் விரல் நுனியால் தடவினது தெரியாமல். நீலம் ஒரே ஒரு டியூப்தான் வந்தது. வாங்கிவந்தது அவள்.

ஒழுகவே கூடாது என்று இரண்டு பக்கமும் தாராளமாக அப்பியது நினைவுக்கு வந்தது. போல்ட்டை இறுக்க இறுக்க வெளியே பிதுங்கியதைத் துணியால் வழித்துச் சுத்தமாக்கி, கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்த்ததும் நினைவுக்கு வந்தது. வெளியே அவ்வளவு பிதுங்கினால் உள்ளேயும் அவ்வளவு பிதுங்கும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.  டார்ச் வெளிச்சம் அந்த நீலத்தின் மேலேயே நின்றது. அவரும் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணே, என்ன இருக்கு?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. பழைய ஆயில் கசடு" என்றார் வீட்டுக்காரர். "பதினாலு வருஷ வண்டில்ல, கட்டியா நின்னுருக்கு. தொடச்சு மாட்டினா ஆச்சு. உங்கண்ணி புண்ணியத்துல வண்டி பிழைச்சுது."

வண்டி விஷயத்தில் அவர் பொய் சொல்லி அண்ணி கேட்டதில்லை. காலையில் தான் சொன்ன தீர்ப்பு தவறிப்போன அவமானத்தை விழுங்கிக்கொண்டு, அவளுக்காக, அவள் பேருக்காக, சொந்தத் தங்கையிடம் முதல் பொய்யைச் சொல்லியிருக்கிறார். அவர்மேல் அவளுக்குப் பிரியம் பெருகியது. கூடவே கோபமும் வந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வீட்டுக்காரர் கைவிட்ட வண்டியைக் கேள்வி கேட்டே பிழைக்கவைத்தவள் என்று நாளைக்கே ஊர் பேசும். நீலத்தை ஆயிலோடு வழித்து எறிந்துவிட்டால் கேட்பாரில்லை. ஆனால் கசடு என்று ஒப்புக்கொண்டால் அவள் கண்டுபிடித்தது பாதிதான். எங்கே அடைத்தது என்பது பாதி, எதனால் அடைத்தது என்பது மீதி. தன் கண்டுபிடிப்பு அவளுக்கு முழுசாக வேண்டியிருந்தது. அதில் ஒரு இழையைக்கூட யாருக்கும் விட்டுத்தர மனமில்லை.

இழைகளை உள்ளங்கையில் பொறுக்கிக்கொண்டு படியேறி வந்து நாத்தனார் முன்னால் நீட்டினாள்.

"கசடு இல்ல. பேஸ்ட்டு. போன வருஷம் நான் போட்டது. நிறைய அப்பிட்டேன். வெளிய வந்தத வழிச்சேன், உள்ள வந்தத யோசிக்கல. அதுதான் பிஞ்சு விழுந்து அடைச்சிருக்கு."

நாத்தனார் ஒரு இழையை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள். 

"பத்து நாளா நான் தூங்கல அண்ணி."

"தெரியும்."

"நாலு மணிக்கு வித்திருப்பேன்."

"ஆமா. என்னாலதான்."

"வேற யாராச்சும் பண்ணியிருந்தா நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டிருப்பேன்" என்றாள் நாத்தனார். இழையை அவள் உள்ளங்கையில் திரும்ப வைத்து, "இப்பவும் கேப்பேன். முதல்ல மாட்டுங்க" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது.

குழிக்குள்ளிருந்து வீட்டுக்காரர் தலையை நீட்டினார். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? நான்தான் அழகா மூடி வச்சேன்ல."

"உங்க அழகு எனக்கு வேணாம். அந்தச் சல்லடையக் குடுங்க, கழுவணும்."

பழைய இரும்புக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். சம்ப்பை மாட்டி, ஆயில் ஊற்றி, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இருபது நிமிடம் மிதித்தும் முள் நாலை விட்டு அசையவில்லை. "நாலுன்னு சொன்னீங்களே" என்றார் அவர், வாட்சைக் காட்டி. "நாலுதான் காட்டுது" என்று நாத்தனார் முள்ளைக் காட்டினாள். அவருக்குப் புரியவில்லை, வண்டி விற்பனைக்கு இல்லை என்றதும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அழுத்தம் விழுந்த பத்து நாளில் பேரிங் கொஞ்சம் உராய்ந்திருக்கலாம், அடுத்த முறை ஆயில் மாற்றும்போது உலோகத் தூள் வருகிறதா என்று வடித்துப் பார்க்க வேண்டும் என்று அண்ணி நாத்தனாரிடம் ஒளிக்காமல் சொன்னாள். நாத்தனார் தலையாட்டிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிவரக் கிளம்பினாள்.

வேன் போன பிறகு அண்ணி கை கழுவவில்லை. சுவரோரம் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். ஒரு டியூப் ஒரு வண்டியோடு முடியவில்லை. மரக்கடை லாரி, பூக்காரர் ஆட்டோ, டாக்டர் வீட்டுக் கார், தண்ணீர் வண்டி, ஒரு பச்சை டெம்போ. அந்த நீலத்தை நம்பி ஐந்து எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

"போன் பண்ணப் போறேன்" என்றாள்.

"ஊர் சிரிக்கும்" என்றார் வீட்டுக்காரர். தடுக்கிற குரலில் இல்லை.

"சிரிக்கட்டும். எஞ்சின் சாகறத விட அது தேவலை." எண்களைத் தேடி எடுத்தாள். முதல் ஆள் எடுத்தார். "வணக்கம். நான் மெக்கானிக் பேசறேன். போன வருஷம் உங்க வண்டியில நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். காசு வேணாம், வண்டியக் கொண்டு வாங்க."

நாலு பேர் எடுத்தார்கள். பச்சை டெம்போக்காரர் எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் நாலு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மரக்கடை லாரி டிரைவர் சிரிக்கத்தான் செய்தார், ஆனாலும் சாவியை அவள் கையில்தான் கொடுத்தார். லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து அவள் கையை வெளியே நீட்டினாள். தோளில் துணி இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், கேட்கும் முன்பே பதினாலாம் நம்பர் ஸ்பேனரை அதில் வைத்தார். தெருவில் ஏதோ ஒரு வண்டி கனத்த சத்தத்தோடு போயிற்று. ஸ்பேனர் அப்படியே நின்றது.

"என்னங்க, பச்சையா?"

அவர் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்தார்.

"இல்ல. மஞ்சள்."

அவள் முதல் போல்ட்டைத் திருக ஆரம்பித்தாள், காது தெருவில் இருந்தது.