பக்கத்து வீட்டோடு தகராறு உண்டா?

இங்கிலாந்தின் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஹெம்ஸ்கேட் கிராமத்தில் வீடுகள் நூற்றுப்பத்து. ஜனவரி மாதத்தில் விளக்கு எரிவது பத்தொன்பதில். மற்றவை வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் வீடுகள். அவற்றின் கதவோரம் ஒரு சாவிப்பெட்டி தொங்கும், நாலு எண்ணை அமுக்கினால் திறக்கும். எல்லாக் கதவுக்கும் ஒரே சாம்பல் பச்சைச் சாயம். அந்தச் சாயம் பூசாத கதவைக் கண்டால் லண்டன்காரர்கள் காரை நிறுத்தி, "இது விற்பனைக்கா?" என்று கேட்கிறார்கள். நான் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டிருக்கிறார்கள். செத்துப்போய்விட்டோமோ என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

நான் ஹொரஸ் லார்ட்டர். கடலோரப் பாதையில் நாற்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஹொரஸ் சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டுக் கேள் என்று ஊரில் சொல்வார்கள். இந்த விஷயத்தில் தள்ள ஒன்றும் கிடையாது.

என் வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு ஐவி க்யூபிட்டினுடையது. போன மார்ச்சில் தொண்ணூற்றொரு வயதில் தூக்கத்திலேயே போய்விட்டாள். லெஸ்டரில் இருக்கும் அவளுடைய அண்ணன் மகள் லொரெய்ன், வீட்டை விற்பனைக்கு விட்டாள். வாங்க முன்வந்தவர்கள் டல்சியும், கிட் என்கிற அவள் புருஷனும். டல்சி ஊர்க் கிழடுகளைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்கிறவள். கிட் நண்டு பிடிக்கிறவன். உயிர்காப்புப் படகிலும் அவன் ஓர் ஆள். மணி அடித்தால் சில நிமிடத்தில் படகுத் துறையில் நின்றாக வேண்டும். கடலில் முழுகுகிறவன், பதினைந்து மைல் தள்ளியிருந்து கார் வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்க மாட்டான்.

அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் அதை உல்லாசப் பயணிகளுக்கு விடப்போவதாகச் சொல்லி, செப்டம்பர் முடிவுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஊரில் வேறு வீடு இல்லை. ஐவியின் வீடு கிடைக்காவிட்டால் அவர்கள் ஊரைவிட்டே போகவேண்டியதுதான்.

லொரெய்ன் சரி என்றாள். வக்கீல் வைத்தார்கள், வீட்டைச் சோதிக்க ஆள் வந்தது, டல்சி ஜன்னலை அளந்து திரைத்துணிகூடத் தைத்துவிட்டாள். ஒன்பது வாரம் ஓடியது. பத்தாவது வாரம் டல்சி என் தோட்டத்துக்கு வந்து நின்றாள்.

"ஹொரஸ், போச்சு."

"எது போச்சு?"

"வீடுதான். லண்டன்ல ஒருத்தன் முப்பதாயிரம் பவுண்டு மேல தர்றேன்னுட்டானாம். லொரெய்ன் அவனுக்கே குடுக்கிறாளாம்."

"உங்களுக்குத்தான்னு சொன்னாளே!"

"சொன்னா. ரெண்டு பக்கமும் பத்திரம் மாத்திக்கிற வரைக்கும் சொன்ன சொல்லுக்கு மதிப்பே இல்லையாம். வக்கீல் கொட்டாவி விட்டுக்கிட்டே சொல்றாரு."

எனக்கு ரத்தம் கொதித்தது. பஸ் வரிசையில் ஒருத்தன் முந்தினால் இந்த நாட்டில் இருபது பேர் தொண்டையைச் செருமுவார்கள். ஏழு தலைமுறைக்கு அந்தக் குடும்பத்தை மன்னிக்க மாட்டார்கள். அடுத்தவன் கையிலிருந்து வீட்டைப் பிடுங்கினால் மட்டும், அது வியாபாரமாம்!

லொரெய்னுக்கு போன் போட்டேன்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மிஸ்டர் லார்ட்டர். ஆனா..."

"அந்த 'ஆனா'வோட வெல முப்பதாயிரம், இல்லியாம்மா?"

"உடம்பப் பாத்துக்குங்க," என்று மரியாதையாக வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் பொறி தட்டியது. என் தம்பி வீட்டை விற்றபோது வக்கீல் ஒரு படிவம் அனுப்பினார். அதில் ஒரு கேள்வி: பக்கத்து வீட்டோடு தகராறு, புகார் ஏதாவது உண்டா? உண்டென்றால் எழுதியாக வேண்டும். மறைத்தால், வாங்கியவன் பிறகு வழக்குப் போடுவான். வேலிச்செடி உயரத்தைப் பற்றி ஒரு சண்டை இருந்ததை என் தம்பி எழுதினான். வாங்க வந்தவன் அன்றே ஓடிப்போனான். பேய் இருக்கும் வீட்டைக்கூட இங்கிலீஷ்காரன் வாங்குவான். சண்டைக்கார அண்டைவீட்டான் இருந்தால் வாங்கமாட்டான்.

சிக்கல் என்னவென்றால், எனக்கும் ஐவிக்கும் நாற்பது வருடத்தில் ஒரு சண்டைகூடக் கிடையாது. அதனால் என்ன? பேனாவை எடுத்தேன். பொய் ஒன்றும் எழுதவில்லை, உண்மைக்குக் கொஞ்சம் சோறு போட்டு வளர்த்தேன். அவள் பேரிக்காய் மரத்திலிருந்து வருடத்துக்கு ஆறேழு காய் என் கொட்டகை மேல் விழும். எடுத்துச் சாப்பிடுவேன். கடிதத்தில் அது கூரையைத் தகர்க்கும் குண்டுமழையாயிற்று. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சாக்கடை 1997இல் ஒருமுறை அடைத்துக்கொண்டது. 'கால் நூற்றாண்டாகத் தீராத சுகாதாரக் கேடு' என்று எழுதினேன். என் குப்பைத்தொட்டியை ஐவியின் பின்முற்றம் வழியாகத் தள்ளிப்போக எனக்குப் பத்திரப்படி உரிமை உண்டு. அந்த உரிமையை இனி தினமும் அதிகாலை ஐந்தரைக்கு, பாடிக்கொண்டே பயன்படுத்தப் போவதாக அறிவித்தேன். பதினோரு பக்கம். பதிவுத் தபாலில் லொரெய்னுக்கு ஒன்று, அவள் வக்கீலுக்கு ஒன்று. ஐவி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

லொரெய்ன் அதைப் படிவத்தில் எழுதியே தீரவேண்டியதாயிற்று. அடுத்த சனிக்கிழமை லண்டன்காரர்களே வந்துவிட்டார்கள். ஜூலியன், அவர் மனைவி சாஸ்கியா. கையில் எலுமிச்சை கேக்.

"சின்ன விஷயம்தானே மிஸ்டர் லார்ட்டர், உக்காந்து பேசி முடிச்சுக்கலாமேன்னு..." என்றார் ஜூலியன்.

கேக் அருமை. இரண்டு துண்டு தின்றேன். ஆளும் நல்ல மாதிரி. என் பஸ் கதையை முழுசாகக் கேட்டார், இந்த ஊரில் அதை யாரும் கேட்பதில்லை. நான் மூன்றாவது துண்டில் உருகிக்கொண்டிருந்தபோது சாஸ்கியா சொன்னாள்:

"நாங்க வருஷத்துல மூணு வாரம்தான் வருவோம். மத்த நாள்ல வீடு பூட்டியே கெடக்கும். உங்களுக்குத் தொந்தரவே இருக்காது."

கேக் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"தொந்தரவு இல்லாம இருக்கிறதுதாம்மா இந்த ஊருக்கு வந்த வியாதி," என்றேன். "குளிர்காலத்துல நான் மாடிப்படில விழுந்தா, உங்க சாவிப்பெட்டியா வந்து தூக்கும்?"

பிறகு நிறுத்தவே இல்லை. சாக்கடையைப் பற்றிச் சொன்னேன், அதன் வாசனையை வகை பிரித்துச் சொன்னேன். அதிகாலைப் பாட்டில் இரண்டு அடி பாடிக் காட்டினேன். "இன்னும் முப்பது வருஷம் இங்கதான் இருப்பேன். எங்க அப்பா நூத்தி நாலு வயசு வரைக்கும் இருந்தாரு," என்றேன். அப்பா எழுபத்தொன்றில் போனார்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் விலகிக்கொண்டார்கள். வியாழக்கிழமை லொரெய்ன், பழைய விலைக்கே தருவதாக டல்சியைக் கூப்பிட்டாள். நான் பீர் பாட்டிலைத் திறந்து டல்சியின் நன்றிக்காகக் காத்திருந்தேன்.

டல்சி வந்தாள். நன்றி சொல்ல இல்லை. கையில் ஒரு தாள், முகம் சிவந்திருந்தது.

"பெருசு, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"வீட்ட வாங்கிக் குடுத்திருக்கேன்."

"அந்தப் படிவத்த எங்க பேங்க்காரனும் படிச்சிட்டான்! 'கூடி வாழ முடியாத அண்டைவீட்டார்'னு குறிச்சு வச்சிருக்கான். தகராறு தீர்ந்தாத்தான் கடனாம். பத்து நாள் கெடு."

வாங்குவது யார் என்று படிவத்துக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"கேட்டா வேணாம்னிருப்ப."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்! இப்ப இதுல கையெழுத்துப் போடுங்க."

வாசித்தேன். என் புகார்கள் யாவும் மிகைப்படுத்தப்பட்டவை என்று ஒப்புக்கொள்கிறேனாம். மிகையா! பேங்க் வக்கீல் அதோடு விட்டாரா? மரம், ஓசை, நாற்றம் எதைப் பற்றியும் அந்த வீட்டின் சொந்தக்காரர்மேல் இனி புகார் சொல்லமாட்டேனாம். பின்முற்றத்து வழியுரிமையையும் விட்டுக்கொடுக்கிறேனாம். அந்த வழி என் தாத்தா காலத்திலிருந்து எங்களுடையது. அது போனால் இந்த எழுபத்தாறு வயதில் குப்பைத்தொட்டியைத் தெரு முழுக்கச் சுற்றித் தள்ளவேண்டும்.

"இது அநியாயம். விலையை ஏத்துனவனும் கையெழுத்துப் போடல, வார்த்த தவறுனவளும் போடல. நான் போடணுமா?"

"நீங்கதான் பதினோரு பக்கம் எழுதினீங்க."

பேனாவைக் கொடுத்தாள். தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டேன்.

செப்டம்பர் இருபத்தெட்டில் குடிவந்தார்கள். சாமானை இறக்கியதும் கிட் முதலில் செய்த காரியம், நண்டுக்கூண்டுகளை, அழுகின இரை ஒட்டிக்கொண்டிருந்த அறுபது கூண்டுகளை, என் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே அடுக்கியதுதான். அந்த நாற்றத்தில் கடற்காகங்களே மயங்கி விழுந்தன. நியாயமாக இந்தத் தெருவில் இருபத்தாறு வீட்டிலும் நண்டு பிடிக்கிறவர்கள் குடியிருந்து இப்படி நாற வேண்டும். நாறுவது ஒன்றுதான்.

வேலியோரம் போய் நின்று வாயைத் திறந்தேன். டல்சி துணி உலர்த்திக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பெருசு, ஏதாவது புகாரா?"

"சே, சே. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"மூக்க ஏன் பிடிச்சிருக்கீங்க?"

"ஜலதோஷம்," என்றேன்.