சுகுணாவின் நாற்பது நிமிடம்

ஊரடங்கு வந்த மூன்றாம் நாளே எங்கள் வீட்டில் நிர்வாகம் சரியில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினேழு வருடம் ஆகிறது. ஆனால் பகலில் அந்த வீட்டில் நான் இருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் காய்ச்சல் வந்த நாளும்தான். மற்ற நாட்களில் சூளகிரி மேம்பாலத்துக்குக் கீழே கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வரும்போது இருட்டிவிடும்.

நான் முனிராஜ். ஹைவே ஓரத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். என் கீழே இருபத்தெட்டு ஆபரேட்டர்கள். எந்த மிஷினில் மணிக்கு எத்தனை பீஸ் வரவேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்படிப்பட்ட ஒருவனை இரண்டு அறை வீட்டுக்குள் அடைத்து, சும்மா டிவி பார் என்றால் என்ன செய்வான்? இப்போது ஆளாளுக்கு என்னைக் குறை சொல்கிறார்கள். அன்றைக்கு ஒருவராவது வாயைத் திறந்தார்களா?

முதலில் காலைக் கூட்டம் ஆரம்பித்தேன். கம்பெனியில் ஷிப்ட் தொடங்குமுன் பத்து நிமிடம் எல்லாரையும் நிற்கவைத்து நேற்றைய கணக்கைச் சொல்வோம். அதே முறைதான். ஹாலில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டுச் சாக்பீஸில் மூன்று வட்டம் போட்டேன். ஒரு வட்டத்தில் என் மகள் பிரியதர்ஷினி, பத்தாம் வகுப்பு, பரீட்சை தள்ளிப்போன சந்தோஷத்தில் கொட்டாவி விட்டபடி நின்றாள். இன்னொரு வட்டத்தில் என் மனைவி சுகுணா, கையில் கரண்டியோடு.

"நேத்து மொத்தம் இருபத்தேழு தோசை. கருகினது மூணு. காரணம் என்ன?" என்றேன்.

"பக்கத்துல நின்னு நீங்க எண்ணிக்கிட்டு இருந்ததுதாங்க காரணம்" என்றாள் சுகுணா.

அடுத்து சமையலறை. டப்பாக்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் இருந்தன. அத்தனைக்கும் பெயர் எழுதி ஒட்டி, அகர வரிசைப்படி அடுக்கினேன். அரிசி அடுப்புக்குப் பக்கத்திலும் மிளகாய்த்தூள் பரணுக்குக் கீழேயும் போயின. தினமும் மூன்று வேளையும் சுகுணா ஸ்டூல் போட்டு ஏறி மிளகாய்த்தூளை எடுத்தாள். ஏறுவதும் ஒரு உடற்பயிற்சிதானே என்று விட்டுவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் கம்பெனி வாட்ஸாப் குழுவில் எச்.ஆர். சௌமியா மேடம் ஒரு போட்டி அறிவித்தார். வீட்டு வேலையில் சின்னச் சின்ன மாற்றம் செய்து, வீணாகும் நேரத்தைக் குறைத்து, அதைச் சார்ட்டாகப் போட்டு அனுப்பவேண்டும். முதல் பரிசு பிரஷர் குக்கர். எனக்குக் குக்கர் பெரிதில்லை. கம்பெனி திறந்தால் மூன்றில் ஒரு பங்கு ஆட்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. அந்த நேரத்தில் என் பெயர் மேலிடத்துக்கு ஞாபகம் வரவேண்டும் அல்லவா?

மூன்று நாள் உட்கார்ந்து நேரக் கணக்கு எடுத்தேன். காலையிலிருந்து மதியம்வரை செல்போன் ஸ்டாப்வாட்ச்சோடு சமையலறை வாசலில் நின்றேன். ஒன்றரைக்கு நானும் பிரியாவும் சாப்பிடுவோம். சாப்பிட்டதும் கொஞ்சம் படுப்பேன். படுத்தாலும் வேலை நிற்கவில்லை. மிஷின்களுக்கு நடுவே பதினேழு வருடம் நின்றவனுக்குக் கண் எதற்கு, காது போதும். சத்தம் கேட்டால் லைன் ஓடுகிறது, சத்தம் நின்றால் லைன் நின்றுவிட்டது. எங்கள் கம்பெனியில் இது பாலபாடம். பாயில் படுத்தபடி குழாய்ச் சத்தம், பாத்திரச் சத்தம், துடைப்பச் சத்தம் எல்லாவற்றையும் குறித்தேன். சரியாக இரண்டரைக்கு எல்லாச் சத்தமும் நின்றது. மூன்று பத்துக்கு டீப் பாத்திரம் வைக்கிற சத்தம் வந்தது. மூன்று நாளும் அப்படியே. நாற்பது நிமிடம் சுத்தமாக வீண்.

நான்காம் நாள் கூட்டத்தில் அறிவித்தேன். "ரெண்டரையிலருந்து மூணு பத்து வரைக்கும் ஐடில் டைம். இன்னையிலருந்து அது கட்."

சுகுணா கரண்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "அது என் நேரங்க. அத விட்டுடுங்க."

"என்னா பண்ற அந்த நேரத்துல?"

"சும்மா இருக்கேன்."

"அதத்தான் ஐடில்னு சொல்றோம்."

"வேற எத வேணா எடுத்துக்கங்க. தோசைய எண்ணுங்க, டப்பாவ மாத்துங்க, நான் ஒண்ணும் கேக்கல. அந்த நாப்பது நிமிஷம் மட்டும் எனக்கு வேணுங்க."

நகைக்கோ புடவைக்கோகூட அவள் என்னிடம் இப்படிக் கெஞ்சியதில்லை. எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் எந்த மாற்றம் கொண்டுவந்தாலும் ஆபரேட்டர்கள் முதலில் எதிர்ப்பார்கள், நாம் உறுதியாக நிற்கவேண்டும் என்று டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் உறுதியாக நின்றேன்.

முதல் பத்து நிமிடத்துக்குக் கொத்தமல்லி ஆய்வது. பெங்களூர் மார்க்கெட் படுத்துவிட்டதால் தோட்டக்காரர்கள் கட்டுக்கட்டாகச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த முப்பது நிமிடத்துக்குப் போண்டாவோ பஜ்ஜியோ. மறுநாளே பலன் தெரிந்தது. மூன்று பத்துக்கு டீயும் போண்டாவும் சேர்ந்து வந்தன. பத்து நாளும் தவறவில்லை.

"அப்பா, அம்மா இப்பல்லாம் பேசவே மாட்டேங்குது" என்றாள் பிரியா ஒருநாள்.

தேவையில்லாத பேச்சு குறைந்தது என்று அதையும் சார்ட்டில் ஒரு வரி சேர்த்தேன்.

சார்ட் அருமையாக வந்தது. சுகுணாவின் பெயருக்குப் பதில் 'ஆபரேட்டர் 1' என்று போட்டேன். காலை ஐந்திலிருந்து இரவு பத்துவரை அந்தக் கட்டத்தில் ஒரு வெள்ளை இடம் கிடையாது. என் கட்டத்தில் 'மேற்பார்வை' என்று நீளமாக ஒரு கோடு. அனுப்பிய மறுநாள் மதியம், நான் பாயில் படுத்துக் கிடந்த நேரத்தில், சௌமியா மேடம் போன் செய்தார்.

"சார்ட் சூப்பரா இருக்கு சார். ஒரே ஒரு டவுட். உங்களுக்கு முப்பது நிமிஷம் லஞ்ச் போட்டிருக்கீங்க, பாப்பாவுக்குப் போட்டிருக்கீங்க. ஆபரேட்டர் ஒண்ணுக்கு லஞ்ச்சே காணோமே?"

"விட்டுப்போச்சு மேடம். போட்டு அனுப்பிடறேன்."

"அனுப்புங்க சார். லஞ்ச் விடாம ஆள ஓட்டுனா கவர்மென்ட்ல இருந்து வந்துடுவாங்க" என்று சிரித்தார்.

நோட்டைப் புரட்டினேன். ஒன்றரைக்கு அவள் எங்களுக்குப் பரிமாறியது இருந்தது. இரண்டுக்கு எங்கள் தட்டுகளைக் கழுவியது இருந்தது. அவள் தட்டு எங்கேயும் இல்லை. இவ்வளவு பெரிய விஷயம் எப்படித் தவறியது என்று எரிச்சலோடு சமையலறைக்குப் போனேன். மணி இரண்டே முக்கால்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சுகுணா ஒரு கையால் போண்டாவைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, இன்னொரு கையால் ஒரு சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள். மோரில் கரைத்த சோறு. மென்று தின்ன நேரமில்லாததால் கரைத்துக் குடிக்கிறாள்.

"நீ எத்தன மணிக்குச் சாப்பிடுவ? சார்ட்ல போடணும்" என்றேன்.

"ரெண்டரைக்குத்தாங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். நீங்கல்லாம் படுத்தப்பறம்."

"சத்தமே வரலியே..."

"சோறு திங்கறதுக்கு மேளமா அடிப்பாங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கேன்டீனில் என் ஆட்களுக்குத் தயிர் பத்தவில்லை என்றால் கான்ட்ராக்டரிடம் சண்டைக்கு நிற்கிறவன் நான். இருபத்தெட்டுப் பேர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியும். வீட்டில் ஒருத்தி பத்து நாளாகச் சோற்றைக் குடித்துக்கொண்டிருந்தது தெரியவில்லை. நான் தின்ற போண்டா ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து நின்றது.

அடுப்பை அணைத்தேன். "உக்காரு. நான் போட்டுத் தர்றேன்."

"வேணாங்க. நானே போட்டுக்கறேன்."

"சரி, கூட உக்காந்துக்கறேன். பேசிக்கிட்டே சாப்பிடு."

"அதுவும் வேணாம்."

"பின்ன நான் என்னதான் பண்ணட்டும்?"

அவள் தட்டை எடுத்துக் குழாயில் கழுவினாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "காலையில அஞ்சு மணியிலருந்து உங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். பாக்கறேன், இல்லைன்னு சொல்லல. ஆனா இந்த நாப்பது நிமிஷம் எனக்கு யாரும் வேணாங்க. நான் சாப்பிட்டுட்டுச் செத்த நேரம் செவுத்துல சாஞ்சு உக்காரணும். அவ்ளோதான்."

"சரி."

"மூணரைக்கு வாங்க. இன்னைக்கு லேட்டாயிடுச்சு."

தெருவுக்குப் போக முடியாது, முனையில் போலீஸ். பாயில் போய்ப் படுக்கலாம், ஆனால் அங்கிருந்தும் அவளைக் கேட்டுக்கொண்டுதான் கிடப்பேன். மொட்டைமாடிக்கு ஏறினேன். ஏப்ரல் வெயில். சௌமியா மேடத்திடமிருந்து செய்தி வந்தது: "லஞ்ச் டைம் கிடைச்சுதா சார்? ஐடில் டைம் குறைப்பு ஃபைனலா எவ்ளோ?"

"பூஜ்ஜியம். என் பேரை எடுத்துடுங்க மேடம்" என்று அனுப்பினேன்.

சிமென்ட் தரை அடுப்புக்கல் மாதிரி காய்ந்து கிடந்தது. நான் வெறுங்காலோடு ஏறி வந்திருந்தேன். செருப்பு சமையலறை வாசலை ஒட்டிக் கிடந்தது. மணி இரண்டு ஐம்பத்தைந்து. ஒரு காலை மாற்றி ஒரு காலாக நின்றேன், கீழே இறங்கவில்லை.