நானூற்றுப் பன்னிரண்டு உறுப்புகள்

பாராட்டு விழா மேடையில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தவனின் வலது காது, காலை பதினொன்று இருபதுக்கு இல்லாமல் போனது. ரத்தமில்லை, வலியில்லை. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்தபோதுதான் தொட்டுப் பார்த்தான். காது இருந்த இடம் கழுவிய தட்டுப் போல வழவழப்பாக இருந்தது. அந்த நிமிடத்தில், நான்கு தெரு தள்ளி ஒரு மாடிக் கடையில், அவன் அக்காவின் பழுதான ஹார்ட் டிஸ்கிலிருந்து முதல் படம் மீண்டு வந்திருந்தது. வலது காதின் படம்.

மருத்துவ மாணவர்களுக்காக அக்கா ஒன்பது வருடம் மனித உடம்பை உறுப்பு உறுப்பாக வரைந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். பிணவறை வாடை தலைமுடியில் ஏறி, பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே கிடக்கும். அவளுடைய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட தம்பி எல்லாவற்றையும் நகலெடுத்து, மூலத்தை அழித்து, டிஸ்கை மேஜையிலிருந்து இரண்டு முறை கீழே போட்டான். "கை தவறிடுச்சுக்கா" என்றான். ஆறே மாதத்தில் அவன் பெயரில் புத்தகம் வந்தது. "விடுடி, கூடப் பொறந்தவன்தானே" என்றாள் அம்மா. அக்கா விடவில்லை.

டிஸ்க் பழுதுபார்ப்பவரை எல்லோரும் கம்பவுண்டர் என்பார்கள். அவர் டிஸ்கைக் காதோரம் வைத்து, அது டிக் டிக்கென்று திணறுவதைக் கேட்டுவிட்டு மூன்று மென்பொருள்களைச் சொன்னார். முதலாவது வேகமானது, ஆனால் நோயாளியை ஓடவிட்டே கொன்றுவிடும். இரண்டாவது படங்களைத் தரும், பெயர்களைத் தராது. "மூணாவது பொறுமைசாலிம்மா. முதல்ல ஒரு நகல் எடுத்துக்கும், முடியாத இடத்தத் தாண்டிப் போயி அப்புறமா திரும்பி வரும். ஒரே ஒரு சிக்கல். படத்த யாரு திருடினாங்களோ, அவங்ககிட்டேருந்துதான் எடுத்துட்டு வரும்."

"அப்ப அதையே போடுங்க" என்றாள் அக்கா. யோசிக்கக்கூட இல்லை.

வாரத்துக்கு இருபது படங்கள் வந்தன. காதுக்கு அடுத்துத் தம்பிக்குப் புருவங்கள் போயின, பிறகு இடது முழங்கால், பிறகு மண்ணீரல். மண்ணீரல் போனதை அவன் கவனிக்கவே இல்லை. வலது கை போன அன்று, டிஸ்க் கடை விஷயம் தெரிந்து அக்காவைத் தேடி வந்தான்.

"நிறுத்தச் சொல்லுக்கா. உன் கால்ல விழறேன்."

"எந்தக் கால்ல விழுவ? எங்கிட்ட ஏன்டா கேக்குற? எல்லாம் நீ வரைஞ்சதுதானே. உக்காந்து மறுபடி வரைஞ்சுக்கோ."

அவன் உட்கார்ந்து இடது கையால் வரைந்தும் பார்த்தான். விரல் வரைந்தால் வெண்டைக்காய் போல வந்தது. மறுவாரம் இடது கையும் போனது.

கடைசியில் பதிப்பாளரையும் பேராசிரியர்களையும் கூட்டி, பாராட்டு நடந்த அதே மேடையில், திருடியது, அழித்தது, டிஸ்கைக் கீழே போட்டது எல்லாவற்றையும் தன் வாயால் சொன்னான். தலையும் கழுத்தும் மிச்சமில்லாததால் குரல் சட்டைக் காலருக்குள்ளிருந்து வந்தது. கடைசி வரிசையில் இருந்த அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனாள்.

"நாக்கு ஒண்ணுதான் பாக்கி" என்றார் கம்பவுண்டர். "ரொம்ப சேதமான இடத்துல மாட்டியிருக்கு. அதான் தப்ப ஒத்துக்கிட்டாரே, விட்டுடலாமா?"

"அவன் ஒத்துக்கட்டும்னுதான் இத்தன நாளா அத மறுபடி ஓட்டச் சொல்லாம விட்டு வெச்சிருந்தேன். இன்னொரு தடவை ஓட்டுங்க."

பதினேழு மணி நேரம் ஓடியது. நாக்கும் வந்தது.

புத்தகம் அக்காவின் பெயரில் இப்போது ஏழாம் பதிப்பில் இருக்கிறது. தம்பியின் சட்டையும் கால்சட்டையும் வீட்டில் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் துவைத்து இஸ்திரி போடுகிறாள். வருகிறவர்கள் அவற்றுக்கும் ஒரு வணக்கம் வைக்கிறார்கள். காற்றடிக்கும் நாட்களில் அம்மா ஜன்னலைச் சாத்துகிறாள். அக்கா எழுந்து போய்த் திறந்துவிட்டு வருகிறாள்.