மீதி நாள்

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, கேளிக்கைப் பூங்காவின் வாசலில், விடுதியில் அம்மாவோடு வாழ்ந்த சிறுமி நில்சாவின் வலது சுட்டுவிரல் ஒஹாயோவைச் சேர்ந்த டெஸ்ஸா என்ற சிறுமியின் விரலாக மாறியது. யாருக்கும் வியப்பில்லை. பூங்காவை ஒட்டிய கிஸ்ஸிம்மி நெடுஞ்சாலை விடுதிகளில் வார வாடகைக்கு இருந்தவர்கள், ஊர் திரும்பும் குடும்பங்களின் பல நாள் டிக்கெட்டில் மீதமிருக்கும் நாட்களை வாங்கித்தான் பூங்காவுக்குப் போனார்கள். வாசல் இயந்திரம் விரலைப் பார்க்கும். அதற்குள் டிக்கெட்டுக்கு உரியவரின் விரல் வாங்கியவர் கையில் வந்திருக்கும். மறுநாள் விடிவதற்குள் போய்விடும். விடுதியின் துணி துவைக்கும் அறையில் வேலை பார்த்தபடி டிக்கெட் விற்ற வெண்டல், வாங்குகிறவர்களிடம், "அந்த விரலால வெங்காயம் நறுக்காதீங்க, அடுத்தவங்க சாமான்" என்பான். விற்கிறவர்களிடம், நாள் ஏன் மிஞ்சியது என்று கேட்பான். நோய் என்றால் வாங்கமாட்டான். டெஸ்ஸாவின் அப்பா முந்தின ஞாயிறன்று காரைக் கிளப்பிக்கொண்டே டிக்கெட்டைக் கையில் திணித்ததால் அவன் கேட்கவில்லை.

நில்சா ராட்டினத்தில் இருந்த நேரத்தில் டெஸ்ஸா தன் ஊரில் காய்ச்சலில் இறந்தாள். விரல் திரும்பிப் போகவில்லை.

வெண்டல் அவர்கள் தங்கிய விடுதியில் தொலைபேசி எண் வாங்கி டெஸ்ஸாவின் அம்மா லொரெய்னுக்குத் தகவல் சொன்னான். அவள் ஜூனில் வந்தாள். முன்பு டெஸ்ஸாவைச் சைக்கிள் சங்கிலி வெட்டிய தழும்பை அந்த விரலில் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். நில்சாவின் அம்மா யதீரா அவள் முன்னால் காபி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"புடிச்சுக்கங்க. ஆனா இவ பேரு நில்சா."

பிறகு லொரெய்ன் ஒவ்வொரு ஜூனிலும் வந்தாள். விரலைப் பிடித்துக்கொண்டிருப்பாள், நகத்தை வெட்டிவிடுவாள், போவாள். நில்சா வளர்ந்தாள், விரல் வளரவில்லை. "எனக்கு ஒம்பது விரல்தான், பத்தாவதுக்கு வேற அம்மா" என்று தோழிகளிடம் சிரிப்பாள். அதைக் கேட்டால் யதீரா அவளை உள்ளே கூப்பிட்டுவிடுவாள். லொரெய்னின் கார் நெடுஞ்சாலையில் திரும்பும் முன்பே விரல் சூடாகும்; நில்சா எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். இங்கிருந்தால் மகள் தனக்கு மிஞ்சமாட்டாள் என்று யதீரா முடிவு செய்தாள். இரண்டு விடுதிகளில் அறை துடைத்துக் காசு சேர்த்து, வேறு மாநிலத்தில் வேலையும் வீடும் பிடித்தாள்.

லொரெய்ன் வரும் ஜூனுக்கு முன்பே, மே கடைசியில் புறப்படும் நாளை வைத்தாள். அன்று காலை விரல் சூடானது. லொரெய்ன் அந்த வருடம் முன்னதாகவே வந்து, கட்டிய மூட்டைகளைப் பார்த்தாள். நில்சாவின் விரலைப் பிடித்து நகத்தை வெட்டினாள். யதீரா காரின் பின்கதவை அடைத்தாள்.

"போற ஊரு பேர மட்டும் சொல்லுவீங்களா, யதீரா?"