இரண்டாவது துளை

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு லாரிகள் கிளம்பும் என்று செம்பூர் முகாமின் பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்தது. யுத்தம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கறுப்பு அமெரிக்கச் சிப்பாய்களின் கம்பெனி ஊருக்குக் கப்பல் ஏறுகிறது.

ஜம்பு அதைச் சனிக்கிழமை மத்தியானம் படித்தார். முகாமின் சாமான் கிடங்கில் அவர் குமாஸ்தா. முப்பத்தொன்பது வயது. ஆறு வருஷமாகப் போர்வைக்கும் பூட்ஸுக்கும் ரசீது எழுதி எழுதி, எதைப் பார்த்தாலும் கொட்டாவி வந்தது. கிடங்குக்குப் பின்னால் சிப்பாய்கள் மவுத் ஆர்கன் வாசிக்கும்போது மட்டும் வருவதில்லை.

அவர்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. லீராய் என்ற சிப்பாயுடையது. ஜெர்மன் சாமான், யுத்தம் வந்தபின் புதிதாக எங்கும் கிடைக்கவில்லை. வேலை முடிந்ததும் காலிப் பெட்டிகளின் மேல் வட்டமாக உட்காருவார்கள். ஒருவன் கொஞ்சம் வாசித்துவிட்டு, கால்சராயில் ஒரு தேய்ப்புத் தேய்த்து அடுத்தவனிடம் கொடுப்பான். அவன் விட்ட இடத்தில் இவன் எடுப்பான். வட்டத்தில் உட்கார்ந்தவன் முறை வந்தால் வாசித்தாகவேண்டும்.

மூன்று வாரமாக ஜம்புவும் அங்கே உட்கார்ந்தார். முறை வந்தபோது பல்வலி என்றார். அடுத்த வாரம் ஜலதோஷம். லீராய்க்கு இருபத்திரண்டு வயது. பாதி இங்கிலீஷிலும் பாதி ஜாடையிலும் அவருக்கு வெறும் கையிலேயே சொல்லிக்கொடுத்தான். கையைக் குவித்துக்கொள். ஊதாதே; ஊதினால் சர்ச் பாட்டு. இழுத்தால்தான் ப்ளூஸ், எங்கள் ஜனங்களின் பாட்டு. இரண்டாவது துளையை உள்ளே இழு. அதுதான் வீடு, எங்கே சுற்றினாலும் அங்கே திரும்பி வா.

பஞ்சமத்தை ஷட்ஜமமாக வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள் என்பது ஜம்புவுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. மாதுங்கா பஜனையில் இருபது வருஷம் பின்பாட்டுப் பாடியவர். பிடிபடாதது மூன்றாவது துளை. அதை இழுக்கும்போது நாக்கைப் பின்னுக்கு வாங்கி ஸ்வரத்தை வளைப்பார்கள். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், மூட்டையை இறக்கி வைத்தவன் விடும் மூச்சு மாதிரி நிற்கும். தன் வாயிலிருந்து அது ஒரு தடவை வந்தால் போதும் என்று இருந்தது.

முற்றத்துக்கு எதிரே வெள்ளைச் சிப்பாய்களின் தண்ணீர்ப் பீப்பாய். லீராய் அதில் பிடிக்கக் கூடாது. ஒரு நாள் அதைக் காட்டி, "எங்க ஊர்ல நான் குடிச்ச கிளாஸை உடைச்சே போட்டுடுவாங்க," என்று சிரித்தான்.

"அநியாயம்," என்றார் ஜம்பு. மனசாரத்தான் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை லீராய் வாத்தியத்தை அவர் சட்டைப் பையில் போட்டான்.

"உங்களுக்கு எங்க முன்னாடி கூச்சம். வீட்டுல தனியா வாசிச்சுப் பாருங்க. திங்கட்கிழமை குடுத்தாப் போதும். கப்பல்ல எங்களுக்கு வேற ஒண்ணும் கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை காலை மாதுங்கா வீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று தடவை வாயருகே கொண்டுபோனார். மூன்று தடவையும் கை நின்றது. டம்ளரில் உதடு படாமல் காப்பியைத் தூக்கிக் குடித்து வளர்ந்த வாய். எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

"ஏன்னா, வெந்நீர் எதுக்கு?" என்றாள் நாகலக்ஷ்மி.

"ஒரு சாமான் தேய்க்கணும்."

"பதினாறு வருஷத்துலே ஒரு கரண்டி தேச்சதில்லை. காட்டுங்கோ." வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "பித்தளைதானே? புளி போட்டுத் தேயுங்கோ. யாரோடது?"

"ஒரு சிப்பாயோடது."

"வாயிலே வெச்சு ஊதறதா? அப்போ நன்னா ரெண்டு கொதி விடுங்கோ."

புளியைக் கரைத்துவிட்டு இரண்டு கொதி விட்டார். உதறினார். சொட்டச் சொட்ட வாயில் வைத்து இழுத்தார். இரண்டாவது துளை கணீரென்று பேசியது. மூன்றாவதுக்கு நகர்ந்து நாக்கைப் பின்னுக்கு வாங்கினார். வளைந்தது. அதே மூச்சு.

"ஏன்னா, வயத்தை வலிக்கறதா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஜம்பு சிரித்தார். அப்புறம் வாத்தியத்தைத் துடைத்து, காயட்டும் என்று ஜன்னல் வெயிலில் வைத்தார். மூன்று மணிக்கு எடுத்தபோது உள்ளே இருந்த மரம் உப்பி, உதட்டைக் கிழிப்பதுபோல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வெடிப்பு. இரண்டாவது துளையை இழுத்தார். காற்று மட்டும் வந்தது.

ஸ்டேஷன் அருகே ஹார்மோனியம் பழுது பார்க்கும் கலீலுல்லாவிடம் ஓடினார். கலீலுல்லா திருநெல்வேலிக்காரர்.

"சாமி, தண்ணியில போட்டியளா?"

"வெந்நீர்."

"உள்ள மரம்லா இருக்கு! ஒங்க பஜனை ஹார்மோனியத்தையும் குளிப்பாட்டித்தான் வாசிப்பியளோ?"

ஆணியைக் கழற்றி, துருத்திய மரத்தை அரத்தால் ராவி, மறுபடி பூட்டினார். துடைக்காமல் கொள்ளாமல் அப்படியே தன் வாயில் வைத்து இழுத்தார். ஜம்பு பார்த்துக்கொண்டே நின்றார்.

"மத்ததெல்லாம் பேசுது. ரெண்டும் மூணும் போச்சு."

"நாளைக் காலம்பறக்குள்ளே ஏதாவது பண்ண முடியுமா?"

"வெடிச்ச மரம் சாமி. அடுத்த வருசம் வந்தாலும் இதான்."

திங்கட்கிழமை ரயிலில் ஜம்பு ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். குழாயடியில் கை தவறி வாளியில் விழுந்துவிட்டது. தப்பில்லாத வாக்கியம். செம்பூரில் இறங்கும்போது அதைச் சொல்லவே அலுப்பாக இருந்தது.

லாரிகள் வரிசையாக நின்றன. லீராய் கடைசி லாரியின் பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வளைஞ்சுதா?" என்று தூரத்திலிருந்தே கத்தினான்.

"ஒரே ஒரு தடவை."

"டேய், குமாஸ்தா வளைச்சுட்டாராம்!" லாரிக்குள் எல்லாரும் பலகையைத் தட்டினார்கள். ஒருவன், "அப்போ அவரையும் கப்பல்ல ஏத்து," என்றான்.

லீராய் கையை நீட்டினான். ஜம்பு கொடுத்தார். அவன் கையைக் குவித்து இழுத்தான். காற்று. மறுபடி இழுத்தான். மூன்றாவதையும் பார்த்தான். லீராய் உதட்டை நக்கினான்.

"புளிக்குது," என்றான்.

"வாளியிலே விழுந்துடுத்து," என்றார் ஜம்பு. "கை தவறி."

லீராய் அரம் பட்ட மரத்தைக் கட்டைவிரலால் தடவினான். முற்றத்துக்கு எதிரே இருந்த பீப்பாயைப் பார்த்தான். அவன் கோபப்படவில்லை. முன் லாரி நகர்ந்தது. இவன் லாரியும் உறுமத் தொடங்கியது. அவன் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், மெதுவாகக் கேட்டான்:

"விழுந்துதா, கழுவினீங்களா?"