கழிப்பறைச் சாவி

தாரணிக்குக் காய்ச்சல் வந்தது மார்கழியில். மலையில் அந்த மாதம் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது இருமிக்கொண்டு கிடக்கும் என்பதால் சங்கீதா முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்துக் கொடுத்தாள். காய்ச்சல் விடவில்லை. பிள்ளை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதாள். மறுநாள் காலை பஸ்ஸிலேயே அவளைப் போர்வையில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறாளா?" என்று கேட்டார்.

"பாட்டில் நிறையக் குடுத்துத்தானுங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறேன்."

"அது சரி. குடிக்கிறாளா?"

சாயங்காலம் பையைத் திறந்தால் பாட்டில் கனமாகத்தான் இருக்கும். குளிர்காலம், பிள்ளைக்குத் தாகம் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவாள். எத்தனையோ நாளாக ஊற்றியிருக்கிறாள்.

டாக்டர் தாரணியின் பக்கம் குனிந்தார். "ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போவியா கண்ணு?"

தாரணி அம்மாவைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினாள்.

"ஏன்?"

"பூட்டியிருக்கும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பஸ் வளைவு வளைவாக ஏற ஏற, தாரணி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பொம்பளைப் பிள்ளைகள் கக்கூஸுக்கு மட்டும்தான் கதவும் தண்ணீரும் ஒழுங்காக உண்டு. அதற்கு யமுனா டீச்சர் பூட்டுப் போட்டிருக்கிறார். சாவி அவருடைய கைப்பையில் இருக்கும். பிள்ளைகளெல்லாம் பின்னாலிருக்கும் சில்வர் ஓக் மரங்களின் மறைவுக்குப் போக வேண்டும். அங்கே ஒருமுறை அவள் உட்கார்ந்திருந்தபோது பையன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் போகவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் வராது என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

"ஒரு நா மட்டும் வந்துருச்சும்மா. டீச்சர்கிட்டக் கேட்டேன். இன்டர்வெல் வரட்டும், அடக்கிக்கிட்டு உக்காருன்னாங்க."

"அப்பறம்?"

பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வகுப்பிலேயே போய்விட்டது. டீச்சர் அவளையே துடைக்கச் சொன்னார். துணி கிடைக்கவில்லை, பாவாடையாலேயே துடைத்தாள். அது காய்கிறவரை மைதானத்தில் வெயிலில் நிற்கவைத்தார். மூணாங்கிளாஸ் வந்தும் இன்னும் தொட்டில் பிள்ளையா என்று கேட்டார். அன்றிலிருந்து எல்லாரும் அவளைத் தொட்டில் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"எங்கிட்ட ஏன் சாமி சொல்லல?"

"நீயும் திட்டுவேன்னு."

சங்கீதா போர்வையை அவள் தோளில் இழுத்துவிட்டாள். தினமும் சாயங்காலம் என்ன பாடம், என்ன வீட்டுப்பாடம், முட்டை போட்டார்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். இதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

விஷயத்தைக் கேட்டதும் அவள் புருஷன் வேல்முருகன் மிளகு பறிக்கிற ஏணியை அப்படியே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். "மேலதிகாரிக்கு மனு குடுக்கலாம்," என்றான்.

"குடுத்தா?"

"விசாரிக்க வருவாங்க."

"வர்ற அன்னிக்குத் தொறந்து வெச்சிருப்பா. அவிய போனதும் பூட்டுவா. எனக்கு அது வேண்டாமுங்க. எம்புள்ள எப்படி நின்னாளோ அப்படி அவளும் நிக்கோணும்."

"கிறுக்குப் புடிச்சுப்போச்சா உனக்கு?"

"ஆமாங்க," என்றாள் சங்கீதா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. வேல்முருகனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு வழி கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் காலைச் சிற்றுண்டி சமைத்துக்கொண்டிருந்த பாப்பாத்தி, புருஷனோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். மகளிர் குழுவில் பத்தாவது படித்த, அதே பள்ளியில் பிள்ளை படிக்கிற பெண் வேண்டும் என்று தேடினார்கள். முன்பு ஒருமுறை இதே வேலையை மிளகு அறுவடையைக் காரணம் சொல்லி மறுத்தவள்தான் சங்கீதா. இந்தமுறை அவளாகவே போய், "நான் வாரேனுங்க," என்றாள்.

யமுனா டீச்சர்தான் தலைமையாசிரியை. கீழே நாமக்கல்லிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவார். ஐம்பதை ஒட்டிய வயது, கஞ்சி போட்ட காட்டன் சேலை, தோளில் பெரிய கைப்பை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகக் கழிப்பறைக்குத்தான் போவார். அதற்குப் பிறகுதான் வணக்கமெல்லாம்.

"பிள்ளைங்க தண்ணியே ஊத்த மாட்டேங்குது சங்கீதா. நாசம் பண்ணி வெச்சிருதுங்க. சுத்தம் பண்ண ஆளு போடச் சொல்லிக் கேட்டுப் பாத்துட்டேன், ஆளும் இல்லை, ஒண்ணும் இல்லை. இவ்வளவு தூரம் பஸ்ஸுல வர்ற எனக்கு ஒண்ணாவது சுத்தமா வேண்டாமா? அதான் பூட்டு," என்று அவரே ஒருநாள் சொன்னார்.

"நாயந்தானுங்க டீச்சர்," என்று சங்கீதா அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை போடாமல், இஞ்சி தட்டிப் போட்டு. தினமும் கொடுத்தாள். டீச்சர் அவளோடு சிரித்துப் பேசினார், மகள் கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதைக்கூடச் சொன்னார். தாரணியின் பெயரை ஒருநாளும் எடுக்கவில்லை. பிள்ளை மருந்து குடித்துத் தேறி, மெலிந்த முகத்தோடு மறுபடி வந்து வரிசையில் தட்டேந்தி நின்றபோதும் ஒன்றும் கேட்கவில்லை. உப்புமாவைக் கிளறிக்கொண்டே சங்கீதா அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனவள், கடலை, வெங்காயத்தோடு ஒரு பெரிய பித்தளைப் பூட்டும் வாங்கி வந்தாள். எதற்கென்று வேல்முருகன் கேட்டான். மிளகு மூட்டை வைக்கிற அறைக்கு என்றாள். பூட்டு அவளுடைய சமையல் பையிலேயே கிடந்தது.

மாசியில் அந்த நாள் வந்தது. இன்னொரு ஆசிரியரான கார்த்தி சார் பயிற்சி என்று கீழே போயிருந்தார். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தும் பஸ் வரவில்லை. குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது, பஸ் அதற்குக் கீழே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பைக்கில் வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். சங்கீதா பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாள். பிறகு பையிலிருந்து பூட்டை எடுத்துக்கொண்டு போய், கழிப்பறைக் கதவில் டீச்சரின் பூட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டிப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பஸ் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. டீச்சர் இறங்கும்போதே கைப்பைக்குள் கையை விட்டிருந்தார். சாவியோடு வேகமாகப் போனவர், கதவருகே நின்றுவிட்டார்.

"சங்கீதா! யாரு போட்ட பூட்டு இது?"

"நாந்தானுங்க டீச்சர்."

"எதுக்கு?"

"பிள்ளைங்க நாசம் பண்ணுதுன்னு சொன்னீங்கல்ல. பத்தரமா இருக்கட்டும்னுதான்."

"சரி, சரி. சாவியக் குடு."

"இன்டர்வெல் வரட்டுங்க."

டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "வெளையாடாத சங்கீதா. எவ்வளவு நேரமா பஸ்ஸுலயே உக்காந்திருக்கேன் தெரியுமா?"

"அடக்கிக்கிட்டு உக்காருங்க."

"என்ன பேச்சு இது?"

"தாரணிகிட்ட நீங்க பேசுன பேச்சுத்தானுங்க."

டீச்சரின் கண்கள் எங்கோ போய்த் தேடின. அவருக்கு நினைவில்லை. சங்கீதாவுக்கு உள்ளே எரிந்தது. இத்தனை நாள் தூங்கும்போதும் விழிக்கும்போதும் அவள் நெஞ்சில் கிடந்த ஒன்றை, இந்தப் பொம்பளை தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

"அந்தப் பொண்ணு… ஒரு தடவை…" என்று டீச்சர் இழுத்தார்.

"ஆமாங்க. ஒரு தடவ."

"நாளைக்கே உன்னை வேலைய விட்டு நிறுத்தச் சொல்லிருவேன், தெரியுமில்ல?"

"சொல்லுங்க. எதுக்குப் பூட்டுனேன்னு கேப்பாங்க. நானும் சொல்றேன்."

டீச்சரின் நெற்றி வேர்த்திருந்தது. குரலைத் தாழ்த்தினார். "எனக்குச் சுகர் இருக்கு சங்கீதா. என்னால முடியாது. புரிஞ்சுக்க."

"எம்புள்ளைக்கு எட்டு வயசுங்க. அவளாலயும் முடியல." சங்கீதா கையை நீட்டிக் காட்டினாள். "பிள்ளைங்க போற எடம் அக்கட்டால இருக்குது. போங்க. அட்டைப் பூச்சி இருக்கும், பாத்துப் போங்க."

டீச்சர் போனார். மரங்களை ஒட்டிய பக்கத்துக்காரர் தோட்டத்தில் அன்று மிளகு பறிப்பு. மரத்துக்கு மரம் ஏணி சாத்தி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் மேலிருந்தே, "வணக்கமுங்க டீச்சர்," என்றான். டீச்சர் திரும்பிவிட்டார். வராந்தாப் படிவரை வந்தவர் அதற்குமேல் நடக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

சங்கீதாவின் கை முந்தானை முடிச்சைத் தொட்டது. அவிழ்க்கவில்லை.

டீச்சரின் வெளிர்பச்சைச் சேலை கீழ்வரை நனைந்து கறுத்தது. சிமெண்டுத் தரையில் ஈரம் பரவியது. சங்கீதா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மார்கழியிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சுக்குள் காற்றுப் புகுந்தது போலிருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வகுப்பு ஜன்னல் கம்பிகளில் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன. எல்லாரும் பார்க்கட்டும் என்று நினைத்தாள். யாரோ ஒருவன், "டேய், அங்க பாரு," என்றான்.

அப்போது சமையலறைப் பக்கமிருந்து தாரணி வந்தாள். எப்போது வகுப்பைவிட்டு வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. தட்டுக் கழுவின தண்ணீர் வாளியை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடிவந்தவள், டீச்சருக்கு எதிரே வந்ததும் தடுமாறி விழுந்தாள். வாளி கவிழ்ந்தது. உப்புமாப் பருக்கைகளோடு சோப்புத் தண்ணீர் மொத்தமும் டீச்சரின் இடுப்புக்குக் கீழே அடித்து, வராந்தா முழுவதும் ஓடியது.

"ஐயோ, தடுக்கிருச்சுங்க டீச்சர்!"

ஜன்னலில் பெரிய சிரிப்பு எழுந்தது. "தொட்டில் வாளியக் கவுத்திருச்சு! தொட்டில் விழுந்திருச்சு!"

தாரணி எழுந்து முட்டியைத் துடைத்துக்கொண்டாள். சங்கீதா ஒன்றைக் கவனித்தாள். அவள் காலில் எதுவும் தடுக்கவில்லை. அங்கே தடுக்குவதற்கு ஒன்றும் இல்லை. தாரணி நேராக அம்மாவிடம் வந்து கையை நீட்டினாள்.

"சாவி."

சங்கீதா முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள்.

டீச்சர் உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. அதற்குள் தாரணி வீட்டுக்கு ஓடி, பெட்டியிலிருந்து அம்மாவின் நீலச் சேலையை எடுத்து வந்தாள். அறப்பளீஸ்வரர் கோயில் ஆடி நோன்பிக்கு எடுத்த சேலை, ஒரேமுறை கட்டியது. கதவிடுக்கு வழியாக அதைக் கொடுத்தாள். மத்தியானப் பஸ்ஸில் யமுனா டீச்சர் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மலையிறங்கினார்.

சாயங்காலம் வீட்டில் சங்கீதா மகளைப் பிடித்து நிறுத்தினாள். "எதுக்குடி குறுக்க வந்த?"

தாரணி கையை உருவப் பார்த்தாள்.

"உன்ன வெயில்ல நிக்கவெச்சவடி அவ. உங்கையாலயே துடைக்க வெச்சவ."

"தெரியும்."

"பின்ன எதுக்கு?"

"ஈரம் காலு வழியா எறங்கறப்ப எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாதும்மா."

சங்கீதா அவள் கையை விட்டுவிட்டாள். அன்று இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை. என்ன நடந்தது என்று வேல்முருகன் கேட்டான். ஒருத்தியும் சொல்லவில்லை.

டீச்சர் ஒரு வாரம் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்தபோது கதவில் எந்தப் பூட்டும் இல்லை. அவர் யாரிடமும் புகார் சொல்லவில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், கழிப்பறையைக் கழுவ ஊரிலேயே ஒரு ஆளைப் போட வேண்டும் என்று அவரே எழுந்து சொன்னார். ராமாயி அக்கா காலையும் மாலையும் வந்து கழுவினாள். பொம்பளைப் பிள்ளைகள் வரிசையில் போய்வந்தார்கள். சங்கீதா சமைத்தாள். டீச்சருக்கு டீ கொடுப்பதை நிறுத்திவிட்டாள். உப்பு தீர்ந்தது, ரவை வந்தது என்பதைத் தவிர இருவருக்கும் பேச்சில்லை. நீலச் சேலை துவைத்து இஸ்திரி போட்டு, கார்த்தி சார் மூலம் வந்து சேர்ந்தது. சங்கீதா அதைப் பிரித்து வாசலில் விரித்து, அதன்மேல் மிளகு காயப்போட்டாள்.

அவள் மன்னிக்கவில்லை. தூக்கம் வராதபோது அந்த வராந்தாவை நினைத்துக்கொள்வாள். டீச்சர் தூணைப் பிடித்தபடி நிற்பார். அதுவரை இனிக்கும். அதற்குள் வாளியோடு ஒரு பிள்ளை ஓடிவந்துவிடும்.

ஆண்டு விடுமுறைக்கு முந்தின நாள் யமுனா டீச்சர் சமையலறை வாசலுக்கு வந்தார். கீழே மாறுதல் கேட்டு எழுதியிருக்கிறாராம். ஜூனில் வேறு டீச்சர் வரலாம்.

"தாரணிகிட்டச் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன் சங்கீதா," என்றார்.

சங்கீதா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?"

"உங்கிட்டயும் சொல்லோணும்."

"வேண்டாமுங்க. பஸ் வந்துரும், போங்க."

டீச்சர் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது சங்கீதாவால் பொறுக்க முடியவில்லை. "டீச்சர் உங்கிட்ட என்ன சொன்னா?"

தாரணி கீழே கிடந்த கொய்யாக்காயைக் காலால் உருட்டிக்கொண்டே நடந்தாள். "சொன்னாங்க."

"என்னன்னு கேக்கறேன்."

"உனக்கு எதுக்கு?"

"உங்கம்மாடி நானு. எனக்குத் தெரியோணும்."

"அது எனக்கும் டீச்சருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தாரணி முன்னால் ஓடினாள். சங்கீதா, "ஏய், நில்லுடி," என்று கத்தினாள். பிள்ளை நிற்கவில்லை. வளைவில் திரும்பி மறைந்துவிட்டாள். காலிப் பாத்திரங்கள் பையில் கலகலக்க, சங்கீதா வேகத்தைக் கூட்டி அவள் பின்னால் நடந்தாள்.